எல்லாக் கப்பல்களையும் அனுப்பிவிட்டு

காலையில் பெங்களூர் ரயில் போய்விட்டால் ஊரிகம் ஸ்டேஷனில் மிச்சம் இருப்பது பென்ஷன்காரர்களும் நாய்களும்தான். வெளியே டீக்கடை பெஞ்சில் எங்கள் கூட்டம் அப்போதுதான் சேரும். எல்லாரும் ராணுவத்தில் இருந்தவர்கள். கடற்படையில் இருந்தவன் நான் ஒருத்தன். போன மாதம் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர், ஹவில்தார் ஏழுமலை, அத்தனை பேர் எதிரிலும் என்னைச் சீண்டினார்.

"இன்னா கமாண்டர் சார், நாங்கெல்லாம் பனியில நின்னு கால் வெரல உட்டுட்டு வந்தோம். நீங்க கப்பல்ல குந்திகினு மீன் வறுத்துத் துன்னுட்டு வந்தீங்க. எத்தினி சண்ட பாத்தீங்க, சொல்லுங்க."

"யோவ், ஒரு கப்பல் படையையே சண்டைக்குத் தயார் பண்ணி அனுப்புனவன்யா நானு," என்றேன்.

"அனுப்புனீங்க. போனீங்களா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சாயங்காலம் ஏழுமலை வீட்டுக்கே வந்து, "கோச்சிக்காதீங்க சார், அந்தக் கதைய நம்ம சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார். எழுதுகிறேன். பிழை இருந்தால் அவரே திருத்திக்கொள்ளட்டும். அவர் பத்தாங்கிளாஸ் பாஸ்.

நான் எட்டாங்கிளாஸ் ஃபெயில். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, மீசை முளைக்கும் முன்னே கடற்படையில் சேர்ந்து, கயிறு முடிவதில் ஆரம்பித்து, தரை துடைத்து, வசவிலேயே இங்கிலீஷ் படித்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி அதிகாரி ஆனேன். காலேஜ் படித்துவிட்டு நேராக அதிகாரியாக வந்தவர்கள் என்னிடம் கை கட்டி நின்று கப்பல் வேலை கற்றுக்கொண்டார்கள். கடைசியில் கமாண்டர். கமாண்டரின் தொப்பி முனையில் தங்க இலை வைத்துத் தைத்திருக்கும். எங்கள் ஊரில் தங்கத்தை எல்லாரும் பூமிக்குள்ளே போய்த் தேடினார்கள். எனக்கு அது தலையில் வந்து உட்கார்ந்தது. எங்கள் லைனில் வேறு யாருக்காவது அப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

ஆனால் ஏழுமலை தொட்ட இடம் சரியான இடம். என் சர்வீஸில் இரண்டு சண்டை வந்தது. முதல் சண்டை மூண்டபோது நான் இளம் சிப்பாய். மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கண்ணே மஞ்சளாக இருந்தது. என் கப்பல் துறைமுகத்தை விட்டுப் போனதையும் அந்தக் கண்ணால்தான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கப்பல் திரும்பி வந்த பிறகு, சேர்ந்து சாப்பிட்டுப் படுக்கும் எங்கள் மெஸ்ஸில் என் கூட்டாளிகள் அந்த நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே போனால் பேச்சு சினிமாவுக்கு மாறிவிடும். கெட்ட எண்ணத்தில் இல்லை. எனக்குச் சொல்லிப் புரியாது என்று நினைத்தார்கள். கூடவே சோறு தின்ற ஆட்கள், எனக்குத் தெரியாத ஒரு ஊருக்குப் போய் வந்தமாதிரி ஆகிவிட்டார்கள். அந்த ஊருக்கு நானும் போக வேண்டும் என்கிற ஆசை அன்றைக்குப் பிடித்தது. தலை நரைத்தும் விடவில்லை.

பிறகு, வடக்கே மலையில் சண்டை மூண்ட வருஷம். மேற்குக் கரையில் எங்கள் தளம். கப்பல்களைப் புறப்படத் தயார் செய்யும் பிரிவுக்கு அப்போது நான்தான் தலைவன். லீவெல்லாம் ரத்து. ஊருக்குப் போனவர்களுக்குத் தந்தி. சினிமாக் கொட்டகையில் படத்தை நிறுத்தி, 'கடற்படையினர் உடனே கப்பலுக்குத் திரும்பவும்' என்று ஸ்லைடு போட்டார்கள். பாதிப் படத்தில் எழுந்து வந்த பையன்கள் கப்பலுக்குள் ஏறும் பலகையில், கேங்வேயில், நின்று ஒருத்தனை ஒருத்தன் முடிவு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சண்டைக்குக் கப்பல் தயார் செய்வது என்றால் குண்டு ஏற்றுவது என்று நினைப்பீர்கள். முதல் வேலை இறக்குவது. எரியக்கூடியது எதுவும் கப்பலில் இருக்கக் கூடாது. திரைச்சீலை, கம்பளம், மெத்தை வைத்த சோபா, மர அலமாரி, மிச்சம் இருந்த பெயிண்ட் டின் எல்லாவற்றையும் ஜெட்டியில், கப்பல் வந்து கட்டும் மேடையில், இறக்கினோம். பார்க்க, ஒரு தெருவே வீடு காலி பண்ணுவது போல இருக்கும். கேப்டனின் சோபாவில் காக்கா உட்கார்ந்திருந்தது. அட்மிரல் ஏறும் முதன்மைக் கப்பலில் டெக் வேலைக்கெல்லாம் பெரிய ஆள் சீஃப் பெருமாள், அரக்கோணத்துக்காரர், என்னோடு பல வருஷம் வேலை செய்தவர். அவர் ஒரு கேரம் போர்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"இத்த மட்டும் உட்டுடுங்க சார். பசங்களுக்கு வேற இன்னா கீது?"

"மரம் எரியும் பெருமாள்."

"நாங்களுந்தான் எரிவோம். எங்களையும் எறக்கி சோபா மேல குந்த வெச்சிடுங்க."

போர்டு இறங்கியது. காய்களையும் ஸ்ட்ரைக்கரையும் அவர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பிறகு டெக்கில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடினார்களாம்.

அடுத்தது கண்ணாடி. குண்டு விழுந்தால் கண்ணாடித் துண்டு தோட்டாவை விட மோசம். ஒவ்வொரு மெஸ்ஸிலும் சாமி படம் மாட்டியிருக்கும், கண்ணாடி ஃபிரேம் போட்டு. அதை எடுக்கச் சொன்னால் பையன்கள் முகம் சுருங்கியது. சண்டைக்குப் போகும்போது சாமியை யார் இறக்குவார்கள்? நானே உட்கார்ந்து, ஆணியைப் பிடுங்கி, கண்ணாடியைக் கழற்றி, முருகரையும் ஏசுவையும் குரு நானக்கையும் காகிதமாகவே இரும்புச் சுவரில் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தேன். "சாமி கூட வரும், கண்ணாடி வராது" என்றேன். அந்த யோசனை என்னுடையது. மற்றக் கப்பல்களும் அதையே செய்தார்கள்.

பிறகுதான் குண்டு. சிவப்புக் கொடி ஏற்றுவோம். சமையலறை அடுப்பை அணைத்துவிடுவோம். அன்றைக்கு எல்லாருக்கும் ரொட்டியும் வாழைப்பழமும்தான். கேங்வேயில் ஒரு வாளி. உள்ளே வருகிறவன் தீப்பெட்டியையும் லைட்டரையும் அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அப்புறம் ஜெட்டியில் இருந்து கப்பலின் அடிவயிறு வரை ஆள் ஆளாக வரிசை. கைக்குக் கை மாறிப் போகும். அந்த வரிசையில் யாரும் பேசக் கூடாது. ஒரே ஒரு குரல்தான் கேட்கலாம். அது என் குரல். "வருது", "பிடி", "விடு". அந்த மூன்று சொல்லை நான் சொன்ன மாதிரி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியாகக் கப்பலின் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் நம்பரைச் சாம்பல் பெயிண்டால் மூடினோம். நம்பர் போனதும் தெரிந்த கப்பலே தெரியாத கப்பலாகிவிட்டது.

இத்தனைக்கும் மேலே எங்கள் அட்மிரல். மெலிந்த மனிதர், வடக்கத்திக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. சொல்லாமல் கப்பலுக்கு வருவார். கேப்டன் ஓடி வருவதற்குள் சமையலறையிலோ இன்ஜின் அறையிலோ நிற்பார். யாராவது ஒரு கடைசிச் சிப்பாயைப் பிடிப்பார். "விளக்கையெல்லாம் அணை" என்பார். கும்மிருட்டு. "இப்போது தீயணைக்கும் குழாயை எடுத்து வா. மேலே போகிற வழியைக் காட்டு." இருட்டில் அசையாமல் நின்று காதால் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கே இடிக்கிறான், எங்கே நிற்கிறான், எங்கே மூச்சு வாங்குகிறான் எல்லாம் அவருக்குத் தெரியும். விளக்கு வந்ததும் அந்தச் சிப்பாயின் பெயரைக் கேட்டு நன்றி சொல்வார். கேப்டனுக்குத் திட்டு கிடையாது. "மறுபடி வருவேன்" என்பார், அவ்வளவுதான். அந்தக் கப்பலில் யாருக்கும் சோறு இறங்காது.

இன்னொரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு "அப்புறம்?" என்று கேட்பார். கேட்பது இங்கிலீஷில், நான் நம்ம பாஷையில் எழுதுகிறேன். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து பெரிய பெரிய அதிகாரிகள் இரண்டு பதில் தயார் செய்துகொண்டு போவார்கள்.

குண்டு ஏற்றும் நாளில் வரிசை முடிந்து நான் ஜெட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். வேலையைப் பார்த்தேன், நன்றாக இருந்தது என்றார். இந்தக் குரலை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். அவ்வளவு பெரிய மனிதர் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? "எங்கப்பாவிடம்" என்றேன்.

என் அப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் பேங்க்ஸ்மேன். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றின் வாயில் நின்று, குரல் கொடுத்து ஆட்களைக் கூண்டில் ஏற்றி, கதவைச் சாத்தி, மணி அடித்துக் கீழே அனுப்புகிற வேலை. ஒரு முறை ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்தது. லைன் வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடியது. பெண்கள் தலைவிரி கோலமாக ஷாஃப்ட்டுக்கு ஓடினார்கள். ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருந்தார்கள். அதற்குள் அப்பாவின் ஷிப்ட் முடிந்து அடுத்த ஆள் வந்துவிட்டார். "நீ போப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். அப்பா மணிக் கயிற்றை விடவில்லை. "எறக்குனது நானு. ஏத்துறதும் நான்தான்" என்றார். அம்மா அனுப்பிய களியை நின்றுகொண்டே தின்றார், ஒரு கையில் கயிறு. கடைசி ஆள் மேலே வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். இதையெல்லாம் அட்மிரலிடம் சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்புறம்?"

"அப்புறம் ஒன்றுமில்லை சார். படுத்துத் தூங்கினார்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

படை புறப்படும்போது முதன்மைக் கப்பலில் எனக்கு இடம் என்று ஏற்கெனவே முடிவாகி இருந்தது. கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றுகிற வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. என் மனைவி சரோஜா பெட்டி கட்டிக் கொடுத்தாள். எலுமிச்சை ஊறுகாயும் வைத்தாள். பெட்டியைப் பெருமாளிடம் கொடுத்து கப்பலில் என் பங்க் படுக்கையில் வைக்கச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை காமாலை இல்லை, காய்ச்சல் இல்லை. கண்ணாடியில் கண்ணைக்கூடப் பார்த்துக்கொண்டேன், வெள்ளையாக இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் அட்மிரல் கூப்பிட்டார். நின்றுகொண்டே பேசினார்.

"அடிபட்டோ பழுதாகியோ கப்பல் திரும்பி வந்தால், அதை எடுத்துச் சரிசெய்து மறுபடி அனுப்ப ஒருவர் இங்கே இருக்க வேண்டும். உங்களை வைத்துவிட்டுப் போகிறேன்."

"சார், போன சண்டையையே ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டேன். இதை விட்டால் எனக்கு இன்னொன்று கிடையாது. ரிடையர் ஆகிவிடுவேன். எண்ணெய் மாற்றும் வேலைக்கு..."

"பெருமாள் இருக்கிறார். நீங்கள் பழக்கியவர்தானே?"

"ஆமாம் சார். ஆனால்..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள் அப்பா அத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அந்தக் கூண்டில் ஏறிக் கீழே போனார்?"

எனக்குப் பதில் தெரியும். "ஒரு தடவைகூட இல்லை சார்" என்றேன்.

"அப்புறம்?" என்றார்.

அதற்கு நான் தயார் செய்துகொண்டு போகவில்லை. சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தேன். ஊர்ப் பெருமை பேசி நான் எத்தனையோ சம்பாதித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெருமையே என்னைப் பிடித்துக் கரையில் உட்கார வைத்தது.

மறுநாள் விடியும்போது கப்பல்கள் ஒவ்வொன்றாகப் போயின. பேண்டு இல்லை, குடும்பம் இல்லை, கையசைப்பு இல்லை. ஜெட்டியில் கயிற்றை அவிழ்க்கிற வேலை சாதாரணச் சிப்பாய் வேலை. முதன்மைக் கப்பலின் கடைசிக் கயிற்றை நானே அவிழ்த்தேன். மேலே பெருமாள் நின்றார்.

"சார், ஒங்க பொட்டி கீது சார் உள்ள. எறக்கிடவா?"

"இருக்கட்டும் விடு."

"ஊறுகாய்?"

"துன்னு."

பெட்டி சண்டைக்குப் போனது. நான் வீட்டுக்குப் போனேன். பெட்டியும் இல்லாமல், முந்தின நாள் போட்டுப் போன சட்டையோடு நின்ற என்னைப் பார்த்து சரோஜா முதலில் பயந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும், "நல்ல மனுஷன், நல்லா இருக்கட்டும்" என்று அட்மிரலை வாழ்த்தினாள். அவளோடு அன்றைக்கு நான் பேசவில்லை.

அதன் பிறகு தினமும் ஜெட்டியில் போய் நிற்பேன். கப்பல் இல்லாத ஜெட்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் அப்படியே இருக்கும், ஆனால் எதற்கு இருக்கிறது என்று தெரியாது. இப்போது ஊரிகத்தில் நான் பார்ப்பது தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடுகள். காற்று அடிக்கும் மாதத்தில் அதிலிருந்து வெள்ளைத் தூள் எழும்பி அலை மாதிரி வரும். மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் சாத்துவேன்.

ஒரு நாள் சிறிய போர்க்கப்பல் ஒன்று நொண்டிக்கொண்டு திரும்பியது. மீன் வலையில் மாட்டியிருந்தது. நைலான் வலை புரொபெல்லரில் சுற்றினால், சுற்றுகிற சூட்டில் உருகி, பிறகு தண்ணீரில் இறுகி, அதைச் சுழற்றும் தண்டைச் சுற்றிப் பாறை மாதிரி ஆகிவிடும். கத்தி ஏறாது. தண்ணீரை வடித்துவிட்டு வேலை செய்யும் உலர் துறையில் ஏற்றிச் சரிசெய்யலாம் என்றால் அங்கே வேறு கப்பல் வயிற்றைத் திறந்து கிடந்தது. தண்ணீருக்குள்ளேயே வெட்டித்தான் எடுக்க வேண்டும். கேப்டன் இளைஞர், ஒரு காலத்தில் என் கீழே கயிறு முடியக் கற்றவர்.

"சார், படை அங்கே இருக்கு. நான் மட்டும் இங்கே கிடக்கேன். எவ்வளவு சீக்கிரம் முடியும்?" என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன். அந்த ஆசை எனக்குத் தெரிந்த ஆசை.

டைவர்களை இறக்கினேன். கடப்பாரை உளி, இரும்பு ரம்பம். துறைமுகத் தண்ணீர் சேறு. கீழே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், எல்லாம் கை தடவித்தான். ஒவ்வொரு டைவருக்கும் இடுப்பில் ஒரு கயிறு. ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் கயிறு விடு, நான்கு என்றால் தூக்கு. அந்தக் கயிற்றைப் பிடிக்க ஒரு சிப்பாய் போதும். நான் யாரிடமும் கொடுக்கவில்லை. மிதவைப் பலகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஆள் மாறி ஆள் இறங்க, நான் மாறாமல் பிடித்தேன். உருகின வலை துண்டு துண்டாக மேலே வந்தது, கறுத்த கல் மாதிரி. ஒரு டைவர் ஒரு துண்டை என் கையில் கொடுத்து, "உங்க ஊர்ல இத்த அரைச்சாத் தங்கம் வருமா சார்?" என்றான். அதற்குச் சிரித்ததுதான் அந்த வாரத்தில் நான் சிரித்தது.

வேலை முடிந்தது. நல்ல வேலை. உலர் துறையில் ஏற்றியிருந்தாலும் அதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது. ஆனால் தண்டு நேராக இருக்கிறதா என்று ஓடவிட்டுத்தான் பார்க்க முடியும். "துறைமுக வாயைத் தாண்டி, வெளி மிதவை வரை நானும் வருகிறேன். வேகம் எடுத்துக் காட்டுங்கள். பைலட் படகில் இறங்கிக்கொள்கிறேன்" என்றேன். என் வேலைக்கு உட்பட்டதுதான்.

கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கி, தண்டு சுற்றுகிற உறையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். துறைமுகத்துக்குள் மெதுவாக ஓடியது. வாயைத் தாண்டியதும் கப்பல் தலையைத் தூக்கியது. அலை வந்துவிட்டது என்று காலுக்குத் தெரிந்தது. வேகம் கூட்டினார்கள். இன்னும் கூட்டினார்கள். உறை மாவு மில் மாதிரி சீராக உறுமியது. நடுக்கம் இல்லை, தட்டல் இல்லை. சரியாக இருக்கிறது என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. கையை எடுக்கத்தான் நேரமாயிற்று.

மேலே வந்தேன். சுற்றிலும் கடல். பையன்கள் தீக்காயம் படாமல் இருக்கப் போடும் வெள்ளை முக்காடும் கையுறையும் மாட்டிக்கொண்டு பீரங்கிப் பக்கம் நின்றார்கள். அந்த முகங்களை நான் பழைய மெஸ்ஸில் பார்த்திருக்கிறேன், நான் உள்ளே போனதும் பேச்சு மாறுகிற முகங்கள். இன்றைக்கு அவர்கள் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். யாரும் எதையும் மாற்றவில்லை.

துறைமுகத்தின் வழிகாட்டிப் படகு, பைலட் படகு, பக்கத்தில் வந்து சேர்ந்து ஓடியது. கயிற்று ஏணியைத் தொங்கவிட்டார்கள். கேப்டன் மேலே இருந்து இறங்கி வந்தார்.

"எப்படி சார்?"

"கண்ணை மூடிக்கொண்டு போகலாம்."

அவர் ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏணியைத் தூக்கிடச் சொல்லவா சார்? தண்டை இன்னும் பரிசோதிக்க வேண்டியிருந்தது என்று நான் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

அவர் சொன்னால் எழுதுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜெயித்து வந்தால் கேட்கவே மாட்டார்கள். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு பெரிய பரிசை நீட்டியதில்லை, கமாண்டர் பதவி உட்பட.

இன்னொரு கப்பல் வருவதாகக் காலையில் செய்தி இருந்தது. அதன் பம்பு போயிருந்தது. டைவர்கள் ஜெட்டியில் துணி உலர்த்திக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

"வேண்டாம் தம்பி," என்றேன். ஒரு கேப்டனைத் தம்பி என்று கூப்பிடக் கூடாது. அவர் கண்டுகொள்ளவில்லை. சல்யூட் அடித்தார், முதலில் அவர். நான் ஏணியில் காலை வைத்தேன்.

கடலில் கயிற்று ஏணியில் இறங்கும்போது படகு மேலே வரும் நேரம் பார்த்துக் கையை விட வேண்டும். அந்த வயதிலும் ஒரே தடவையில் இறங்கினேன். மேலே ஏணியைச் சுருட்டினார்கள். கப்பல் மேற்கே திரும்பி வேகம் எடுத்தது. அது விட்ட அலையில் எங்கள் படகு ஏறி இறங்கியது. சண்டை நடந்த மாதங்களில் நான் போன தூரம் அவ்வளவுதான், துறைமுக வாயிலில் இருந்து வெளி மிதவை வரை. கடலில் ஒரு குண்டும் வெடிக்காமலேயே அந்தச் சண்டை முடிந்தது. அதனால் என்ன. அவர்கள் போனார்கள்.

படகோட்டி வயதானவர், உள்ளூர்க்காரர். கரைப் பக்கம் சுக்கானைத் திருப்பப் போனவர் என் முகத்தைப் பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டு, பீடி ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்தார். கப்பல் சின்னதாகி, புகையாகி, புகையும் இல்லாமல் ஆகும் வரை அந்தப் படகு அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. போகலாம் என்று நான்தான் சொன்னேன்.